முட்டி இடித்த சைக்கிள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் இடுப்புவலி தணிந்ததா? அத்தைக்குக் கண் மருந்து தவறாமல் விடுகிறீர்களா?

பதறாமல் படியுங்கள். செவ்வாய்க்கிழமை சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வெளியே வந்தால், பூட்டி வைத்த சைக்கிளைக் காணோம். அறுந்த பூட்டுக்கம்பிதான் கிடந்தது. அக்கம்பக்கம் ஓடித் தேடினேன். அதற்குள் காவலாளி அண்ணன் தெருமுனையிலிருந்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"முட்டி ஹேண்டில்ல இடிக்குதுன்னு திட்டிக்கிட்டே ஒருத்தன் போட்டுட்டு ஓடிட்டான்மா!"

என் உயரத்துக்கென்று கடைக்காரர் தேடிக் கொடுத்த சின்ன ஃபிரேம், திருடனுக்கு ஒத்துவரவில்லை. இனிமேல் என்னைக் குள்ளச்சி என்று கேலி செய்யாதீர்கள். இப்போது கனமான இரும்புப் பூட்டு வாங்கி, ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுகிறேன். நிம்மதியாக வேலை ஓடுகிறது.

பூட்டு வாங்கிய கடையில் பாப்பாவுக்கும் ஒரு சைக்கிள் பார்த்தேன். "பொண்ணு எவ்வளவு உயரம்?" என்று கடைக்காரர் கேட்டார். இடுப்பளவு கையைக் காட்டிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, அது நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைய உயரம். அவளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி அளந்து எழுதுங்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்களவள்