இடப்பக்கம் திறந்த ஓடுகள்

நவம்பர் 11

இன்றும் நண்டு மலை அடிவாரத்தில் மூன்று சாக்கு மண். வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் மண் அடியில் தங்கிவிடும், வெற்று நத்தை ஓடுகள் மிதக்கும். ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவுதான். கண் எரிகிறது. அண்ணன் ரித்தி வந்து பார்த்துவிட்டு, "தலைநகரத்துல படிச்சுட்டு வந்து நத்தை பொறுக்குறியா?" என்றான். குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவன் அவன். நண்டு மலையை உடைக்க அனுமதி வந்தால்தான் வேலை நீடிக்கும். இல்லையென்றால் மறுபடி தாய்லாந்து மீன்பிடிப் படகு. போன தடவை இரண்டு விரல் இல்லாமல் திரும்பினான்.

நவம்பர் 19

பேராசிரியர் கிம்லெங் சொன்னதை எழுதி வைக்கிறேன். ஒரு காலத்தில் இந்த வயல்களெல்லாம் கடல், மலைகள் தீவுகள். ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும், வயலில் அது இல்லை. அதனால் நத்தை வயலைத் தாண்டாது. நண்டு மலையிலும், வயலுக்கு அப்பால் விகாரை இருக்கும் மணி மலையிலும் இருப்பது ஒரே மூதாதையின் பிள்ளைகள்தான். மணி மலையில் ஓட்டின் வாய் வலப்பக்கம். நண்டு மலையில் நத்தை தின்னும் பாம்பு உண்டு. அதன் தாடை வலப்பக்க வாய்க்கே பழகியது. எப்போதோ தப்பிப் பிறந்த இடப்பக்க வாய்க்காரர்கள் அதன் பிடிக்குச் சிக்காமல் பெருகினார்கள். மற்றவை தின்னப்பட்டுத் தீர்ந்தன. இனி இரண்டும் இணைசேர முடியாது, உடல் பொருந்தாது. "யாரும் திட்டம் போடலை சென்டா. செத்தது போக மிஞ்சினதுதான் உலகத்துல இருக்குற அத்தனை வகையும்" என்றார்.

இத்தனை அழகையும் சாவா செதுக்கியது? நினைக்கவே பிடிக்கவில்லை.

டிசம்பர் 6

குவாரி அனுமதிக்கு எங்கள் ஆய்வறிக்கை வேண்டும். இடப்பக்க நத்தை நண்டு மலையில் மட்டும்தான் என்றால் மலையைத் தொடக்கூடாது. வேறு மலையிலும் இருந்தால் உடைக்கலாம். முடிவு என் வாளியில். அண்ணி என்னோடு பேசுவதில்லை.

டிசம்பர் 15

மணி மலை, விகாரைக்குப் பின்புறச் சரிவு. ஒன்பது இடப்பக்க ஓடுகள் மிதந்தன. எல்லாம் வெளிறிய பழைய ஓடுகள், உயிருள்ளது ஒன்றுமில்லை — ஆனால் இது வறண்ட காலம், பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும். இருக்குமல்லவா?

அண்ணனிடம் சொன்னேன். அழுதுவிட்டான்.

ஜனவரி 8

"இரு மலைகளிலும் வாழ்கிறது" என்று எழுதிக் கொடுத்தேன். உயிரோடு பார்த்தாயா என்று பேராசிரியர் ஒரே ஒருமுறை கேட்டார். மழைக்காலத்தில் பார்க்கலாம் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 20

முதல் வெடி. தட்டில் சோறு அதிர்ந்தது.

மார்ச் 12

விகாரையைப் பார்த்துக்கொள்ளும் தூன் மாமா வழியில் நிறுத்தினார். "புத்தாண்டுக்கு விகாரையில மணல் குன்று கட்ட வருஷா வருஷம் நண்டு மலை அடிவாரத்துலேர்ந்துதான் மண் சுமப்போம். இப்ப உள்ள விட மாட்டேங்குறாங்க. உங்கண்ணன்கிட்ட சொல்லி ஒரு லோடு போடச் சொல்லும்மா."

விழா முடிந்தபின் அந்த மண் எங்கே போகும் என்று கேட்டேன்.

"பின்னாடி சரிவுலதான் தள்ளுவோம். வேற எங்க?"

நானே சுமந்திருக்கிறேன், சின்ன வயதில், கூடை கூடையாக. பாவம் கழியும் என்று.

தெரியாதா எனக்கு? நத்தை வயலைத் தாண்டாதுன்னு படிச்சவதானே. அப்ப அந்த ஒன்பது ஓடுகளையும் யாரு தூக்கிட்டு வந்தாங்கன்னு கேட்டிருக்க வேணாமா? கேக்கல. கேக்க மனசு வரல.

மார்ச் 13

விடிந்ததும் ஓடினேன். நண்டு மலையின் கிழக்குப் பாதி இல்லை. மேற்குப் பாறையில் வரிசையாகத் துளைகள், அண்ணன் போட்டவை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். விரல் இல்லாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மருந்து வச்சாச்சு, சென்டா. தள்ளிப் போ."

மார்ச் 30

அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று போன வாரமே தொலைபேசியில் சொன்னேன். பேராசிரியர், "திருத்தலாம். மலை வருமா?" என்றார். இன்றுவரை திருத்தவில்லை. தாளில் அந்த நத்தை மணி மலையில் வாழ்கிறது. ஆகவே போய்விட்டதென்று யாரும் வருந்தப் போவதுமில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. அண்ணன் லாரியில் கல்மணல் கொண்டுவந்து கொட்டினான். நண்டு மலையை அரைத்தது. நல்ல வெள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். பிள்ளைகள் குன்று கட்டிக் கொடி நட்டார்கள்.

ஒரு கூடை மட்டும் வீட்டுக்குச் சுமந்து வந்தேன். வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். தெளியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றும் மிதக்கவில்லை.