ஒரு மான் குறைந்த வண்டி

வாலரூ
ஜனவரி 19

அன்புள்ள மெரினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் நலமாகத்தான் இருக்கவேண்டும், உன் கடிதத்தில் இருந்த காரத்தைப் பார்த்தால் அபர்டீன் குளிர் உன்னை ஒன்றும் செய்யவில்லை என்று தெரிகிறது. அந்தக் கடிதத்தை அம்மா பெயருக்கு அனுப்பி, உள்ளே என்னை 'அவர்' 'அவரிடம் சொல்' என்று மூன்றாம் மனிதனைப்போல எழுதியிருந்தாய். உன் அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள், ஒரு வரியையும் விடவில்லை. 'மத்தவங்களைக் கேலி பண்றது ஒண்ணுதான் அவருக்குத் தெரிஞ்ச பாசம், இனிமே என் முகத்தை அவர் வரையவே கூடாது' என்ற இடத்தை இரண்டு தரம் படித்தாள், எனக்குக் காது மந்தம் என்று நினைத்தாளோ என்னவோ.

முப்பத்தொரு வருஷமாக இந்த வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டை போகிறது, கடையில் வாங்கினது ஒன்றுகூட இல்லை. அதில் நீ இல்லாத வருஷம் எது சொல். உனக்கு முன்பல் இரண்டும் விழுந்த வருஷம் பல்லில்லாத வான்கோழியாக உன்னை வரைந்தேன், அப்போது 'என் மூக்கை இன்னும் பெருசாப் போடுப்பா' என்று என் தோளில் தொங்கினவள் யார். பள்ளிக்கூடப் பஸ்ஸில் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் நீயே எடுத்துப் போய்க் காட்டினாய். இன்றைக்கு முப்பத்தாறு வயதில் அதெல்லாம் அவமானமாகிவிட்டதாக்கும். அவமானம் என்று அப்போதே சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். இல்லை, நிறுத்தியிருக்க மாட்டேன், ஆனாலும் நீ சொல்லியிருக்கவேண்டும்.

சரி, இந்தத் தடவை போன அட்டைக்கு வருகிறேன். நவம்பரில் நீ அம்மாவிடம் போனில் சொன்னாய், உன் புருஷன் டாமியன் வீட்டைவிட்டுப் போய் ஆறு வாரம் ஆகிறது என்று. அம்மா என்னிடம் சொன்னபோது நான் கொல்லையில் நண்டு கழுவிக்கொண்டிருந்தேன், குழாய்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது என்று இத்தனை நாள் உன் அம்மாவிடம் சாதித்தேன். அது பொய். 'யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க, அவனே ஜனவரியில அவங்க அம்மாகிட்ட சொல்றானாம்' என்று அவள் சொன்னது முழுக்கக் கேட்டது. அந்த வாரமே வரைந்தேன். கிறிஸ்துமஸ் தாத்தாவின் மான் வண்டி, ஆனால் தாத்தா இல்லை, நீ நின்றுகொண்டு கடிவாளத்தைப் பிடித்திருக்கிறாய், தலைமுடி காற்றில் பறக்கிறது. டாமியனைப்போலச் சிவப்புத் தாடி வைத்த மான் ஒன்று பெட்டியும் கையுமாக ஓரத்தில் ஓடுகிறது. கீழே 'ஒரு மான் ஓடிப்போச்சு, வண்டி நிக்காது' என்று எழுதினேன். நல்ல படம்தான், அதை இப்போதும் சொல்வேன்.

உறைகளில் விலாசம் எழுதும்போது கடினாவிலிருக்கும் ஹூப்பர் வீட்டுப் பெயர் வந்தது. உன் மாமியார் கோரலிக்கும் மாமனார் நெவிலுக்கும் உன் கல்யாணம் நடந்த வருஷத்திலிருந்து அட்டை போகிறதே. பேனா அங்கே நின்றது, மெரின். எதற்கு நின்றது என்று எனக்குத் தெரியும். டாமியன் மேல் இருந்த ஆத்திரத்தில் எழுதி முடித்து ஸ்டாம்பும் ஒட்டினேன். இதை உன் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை, வேண்டுமானால் இதை நீயே போனில் அவளுக்குப் படித்துக் காட்டு.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் கோரலி வந்தாள். நம் ஊர் டிசம்பர்க் கோடை வெயில் கொளுத்துகிறது, தொப்பிகூடப் போடாமல் கடினாவிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சண்டை போடப்போகிறாள் என்று நான் தயாராக நின்றேன், என்னிடமும் பதில்கள் இருந்தன. அவள் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, 'ராஸ், இது ஜோக்கா நிஜமா' என்றாள். 'ரெண்டும்தான்' என்றேன். அவள் அட்டையைத் திருப்பி இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு, 'மூணு நாளா இதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தேன், வந்தவங்களுக்கெல்லாம் காட்டிக் காட்டிச் சிரிச்சேன். அவன் எங்கயோ ஊர் சுத்தப் போறதைத்தான் நீ வரைஞ்சிருக்கேன்னு நினைச்சேன். நேத்து போஸ்ட் ஆபீஸ்ல உன் அட்டை கிடைச்ச ஒருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு வருத்தமா இருக்குன்னா. எதுக்கும்மான்னு கேட்டேன்' என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். அட்டை நாற்காலியிலேயே இருந்தது.

உன் அம்மா அன்று என்னோடு பேசவில்லை, மறுநாள் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம். அவள் பேசின அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன், அட்டைகளைத் திரும்ப வாங்க. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டின பழக்கம், முதலில் மூன்ட்டா, பிறகு கடற்கரைத் தெரு, பிறகு கடினா என்று அதே வழியில் போனேன். எழுபத்திரண்டு வயதில் வீடு வீடாகப் போய்க் கொடுத்த வாழ்த்தைத் திருப்பிக் கேட்பது எப்படி இருக்கும் என்று நீ எழுதின நாலு பக்கத்தில் எங்கும் யோசித்ததாகத் தெரியவில்லை. கிளெம் டிரெசைஸ் கதவையே முழுக்கத் திறக்கவில்லை, 'குடுத்த அட்டையைத் திருப்பிக் கேக்குற முதல் ஆளு நீதான்டா, இத்தனை வருஷத்துல இதுதான் நல்லா வந்திருக்கு, தரமாட்டேன் போ' என்றான். சிலர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள், சிலர் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், அது வேறு. நோலின் மட்டும் அட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுக் கதவைப் பிடித்தபடி நின்றாள். 'எங்க வீட்டுக்காரர் படகை மண்ணுல ஏத்தினதை ஒரு வருஷம் வரைஞ்சியே, ஞாபகம் இருக்கா' என்றாள். இருக்கிறது, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்த படம். 'அதுக்கப்புறம் அவர் படகு கிளப் பக்கமே போகல, சாகுற வரைக்கும். நீ கேக்கல, நானும் சொல்லல' என்றாள். தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டாள். எனக்கு வேண்டாமென்று வந்துவிட்டேன்.

இதையெல்லாம் எழுதுவது நீ இரக்கப்படுவதற்காக இல்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. புருஷன் போய் ஆறு வாரம் வரைக்கும் பெற்றவர்களிடம் வாய் திறக்காதவள், திறந்தபோதும் அப்பாவைத் தாண்டி அம்மாவிடம் சொன்னவள், 'இந்த வீட்ல எதையும் நேராச் சொல்ல முடியாது' என்று எழுதுகிறாய். நேராகச் சொல்லிப் பார்த்தாயா. நான் அந்தப் படத்தில் கடிவாளத்தை உன் கையில் கொடுத்ததை நீ பார்த்தாயா. ஓடுகிற மானைத்தான் ஊரே பார்த்தது, நீயும் அதையேதான் பார்த்திருக்கிறாய். அம்மா சொல்கிறாள், 'பொண்ணு தைரியசாலின்னு சொல்லணும்னா போன் எடுத்துச் சொல்லணும், அதுக்கு எழுபது பேருக்கு ஸ்டாம்ப் ஒட்டக் கூடாது' என்று. அவள் எப்போதும் உன் பக்கம்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் கோரலியிடமிருந்து போன் வந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை. 'நீ பஸ் ஓட்டினவன்தானே. நெவிலுக்கு வியாழக்கிழமை அடிலெய்டுல இருதய டாக்டர். எனக்கு அந்த ரோட்டுல ஓட்டப் பயம். நீ வந்து ஓட்டு, வாயைத் திறக்காம ஓட்டு' என்றாள். போனேன். இரண்டு மணி நேரம் போக, இரண்டு மணி நேரம் வர, நெவில் முன்னால் உட்கார்ந்து கோதுமை அறுத்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார், கோரலி பின்னால். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது திறந்தேன், அவர்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். நெவில் தலையை ஆட்டினார். கோரலி, 'அடுத்த வியாழனும் எட்டு மணிக்கு வந்துடு' என்று மட்டும் சொன்னாள். இப்போது மூன்று வியாழக்கிழமை ஆகிறது. இன்னும் பேச்சில்லை, ஆனால் போன தடவை பின் சீட்டிலிருந்து ஒரு சாண்ட்விச் நீட்டப்பட்டது.

இதோடு வரும் பெட்டியில் திரும்ப வாங்கின அட்டைகள் நாற்பத்து மூன்றும் இருக்கின்றன. கிழிப்பதோ எரிப்பதோ உன் இஷ்டம். மீதி கிடைக்கவில்லை, யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறேன், நீ இங்கே வரும்போது யார் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று உனக்குத் தெரிந்திருக்கவேண்டும். வருவாயா மாட்டாயா என்று நான் கேட்கவில்லை.

உன்னிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரிகிறது. கோபத்தோடு கேட்டால் அதையும் ஒரு கிண்டல் என்பாய். கோபம் அடங்கட்டும், கேட்கிறேன், போனில், நேராக, உன் அம்மா பக்கத்தில் இல்லாதபோது.

நீ நன்றாக இருக்கவேண்டும், உன் கையிலிருக்கும் வேலையும் நீ தனியாகப் பிடித்திருக்கும் வீடும் உனக்கு நிலைக்கவேண்டும், அதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கம்பளிச் சாக்ஸ் மூன்று ஜோடி அம்மா பெட்டியில் வைத்திருக்கிறாள். பிப்ரவரி ஏழாம் தேதி நெவிலுக்கு ஆபரேஷன். அவருக்கு உன்னைப் பிடிக்கும், மறக்காமல் ஒரு வரி எழுது. கோரலி இதைக் கேட்கவில்லை, நான்தான் சொல்கிறேன்.

உன் அப்பா,
ராஸ் பாஸ்கோ