பிடி, விடாதை

ஒக்டோபர், சனி இரவு

புட்போல் கோச்சிலை எனக்கு இன்னும் கோபம் அடங்கேல்லை. இவ்வளவு காலமும் டிபென்ஸிலை நிண்டு, பந்தோடை வாற மற்றவையின்ரை பிள்ளையளை விழுத்தினவன் என்ரை மகன். இப்ப, பந்தைக் கையிலை தூக்கிக்கொண்டு ஓடுற இந்த யூனிவர்சிட்டி புட்போலிலை பொயின்ற்ஸ் எடுக்கிறவனுக்குத்தான் மதிப்பாம். காலிலை வேகம் இருக்கெண்டு அந்தாள் இவனை ஒஃபென்ஸுக்கு மாத்திப்போட்டுது. "இனிப் பந்து என்ரை கையிலை அப்பா" எண்டு இவனுக்கு ஒரே சந்தோசம். பந்து வைச்சிருக்கிறவனைத்தானே எல்லாரும் விழுத்துவாங்கள்.

இண்டைக்குத்தான் அப்பிடி முதல் மட்ச். ஒருத்தன் பந்தோடை ஓடுறதைக் கண்டதும் பழக்கதோசத்திலை எழும்பி நிண்டு கத்தினன்: "பிடி! விடாதை! விழுத்து!"

மனிசி என்ரை கையைப் பிடிச்சு இழுத்தா. "என்னப்பா கத்துறியள்? அது எங்கடை பிள்ளையெல்லே!"

நான் வாய் மூடமுதல் ரெண்டு பேர் அவனை நிலத்தோடை அடிச்சு விழுத்திப்போட்டாங்கள். தலைதான் முதல்லை பட்டது. எழும்பக் கொஞ்சம் சுணங்கினான். பிறகு எங்களைப் பாத்துக் கை காட்டினான். கோச் கை தட்டினார்.

மல்வேர்னிலை எங்கடை வீட்டுக்குக் காரிலை வரேக்கை, "ஆர் வெண்டது அப்பா?" எண்டு கேட்டான். "நீங்கள்தான்ரா" எண்டன். சாப்பிடேக்கை திரும்பவும் அதையே கேட்டான். பகிடி விடுறான் எண்டு மனிசி சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரேல்லை.

இப்ப அவன்ரை அறையிலை லைட் எரிஞ்சுது. எட்டிப் பாத்து, இன்னும் படுக்கேல்லையோ எண்டு கேட்டன்.

"படுக்கத்தான் போறன் அப்பா. நாளைக்கு முதல் மட்ச் எல்லே."

மனிசியை எழுப்பவேணும், ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். கார்த் திறப்பை எங்கை வைச்சன்