ராடு தானாக வளையாது

ஜூன் 8, ஞாயிறு

காலையில் தம்பி கப்பலிலிருந்து கூப்பிட்டான். இன்னும் இரண்டு வாரத்தில் கரை இறங்குகிறானாம், பதினாலு மாதம் கழித்து. அண்ணி எப்படி இருக்காங்க என்று கேட்ட கையோடு, "வண்டி எப்படிண்ணா இருக்கு?" என்றான்.

"ராஜா மாதிரி நிக்குது. போன ஞாயித்துக்கிழமைகூட ஸ்டார்ட் பண்ணேன்."

"சவுண்டு கேட்டு எவ்ளோ நாளாச்சு! இன்னிக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி, ரெக்கார்ட் பண்ணி அனுப்பேன்."

அனுப்புகிறேன் என்றேன். போன ஞாயிறு நான் வண்டியைத் தொடவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் இல்லை. எட்டு மாதமாகப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு நான் போனதெல்லாம் பழைய பேப்பர் கட்டு வைப்பதற்குத்தான்.

மூன்று வாரமாக மழை. வண்டி மேல் போட்டிருந்த உறை நனைந்து தொங்கியது. கிக்கரை மிதித்தேன், இறங்கவில்லை. ஓடாமல் கிடந்து துருப்பிடித்து இறுகிவிட்டிருக்கும் என்று நினைத்தேன். தெருச் சரிவில் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளிக்கொண்டு ஓடி, கிளட்சை விட்டேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் நின்றுவிட்டது.

எதிர் வீட்டுக்காரரிடம் இதே வண்டி இருக்கிறது. சாயங்காலம் அவர் கிளம்பும்போது ஜன்னலோரம் நின்று அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

தம்பியிடமிருந்து செய்தி: "ரெண்டு தடவ கேட்டேன்ணா. நிம்மதியா தூங்குனேன்."

ஜூன் 10, செவ்வாய்

பத்தொன்பது வருஷமாகக் காப்பீட்டுக் கம்பெனியில் சர்வேயர். சேதமான வண்டியைப் போய்ப் பார்ப்பது, ரிப்போர்ட் எழுதுவது. வீட்டில் இவளுக்கு என் பெயரே 'ரிப்போர்ட்டு' தான். மழைக்காலத்தில் வருகிற முக்கால்வாசி கோப்புகளில் நான் எழுதுகிற வாக்கியம் ஒன்றுதான்: தண்ணீர் புகுந்த இன்ஜினை இயக்க முயன்றது உரிமையாளரின் கவனக்குறைவு.

போன மாதம் நிராகரித்த ஒரு கோப்பு. வீடு வீடாகப் போய் ஊசி போட்டுக் கட்டுக் கட்டுகிற நர்ஸம்மா. வாசலில் நின்ற ஸ்கூட்டர் வெள்ளத்தில் முழுகிவிட்டது. இன்று மேல்முறையீட்டுக் கடிதத்தோடு வந்திருந்தார். விதியை எடுத்துச் சொன்னேன். அதை நான் அழகாகச் சொல்வேன்.

அவர் கேட்டார்: "ரெண்டு தடவ உதைச்சேன்னு நானாத்தானே சார் சொன்னேன்? உதைக்கவே இல்லன்னு பொய் சொல்லியிருந்தா கெடச்சிருக்கும், இல்ல?"

நான் பேனாவுக்கு மூடி தேடினேன். அது பேனாவிலேயே இருந்தது.

ஜூன் 12, வியாழன்

ஆள் வைத்து வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். தெரிந்த பட்டறைகளுக்கெல்லாம் நான் சர்வேயர் என்று தெரியும். அதனால் ஊர்க்கோடியில் இருக்கிற, இதுவரை நான் ஏறாத பட்டறை. கண்ணாடியை நூல் கட்டி மாட்டிக்கொண்டிருக்கிற கனத்த மனிதர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையால் அழுத்தினார். பிளக் துவாரத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் சட்டையில் அடித்தது. ஆயிலை இறக்கினார். பால் அதிகமான டீ மாதிரி வந்தது.

"இப்படித் தண்ணி நிக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"இல்ல."

யோசிக்கவே இல்லை நான். வாய் தானாகச் சொன்னது. அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

மாலையில் போனில் கூப்பிட்டார். "பிஸ்டனத் தள்ளுற கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கு. தண்ணிய அமுக்க முடியாது பாருங்க, தள்ளுற வேகத்துக்கு ராடுதான் வளையும். நீங்கதான் ஸ்டார்ட்டே பண்ணலயே. தானா வளைஞ்சிடுச்சு போல."

ஜூன் 13, வெள்ளி

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று தெரிந்துவிட்டது. எலி கடித்துவிடுமோ என்று சீட்டைக் கழற்றி மாடியில் வைத்தது நான்தான். அதைத் தம்பியிடம் பெருமையாக வேறு சொல்லியிருந்தேன். சீட்டுக்கு அடியில்தான் ஏர் ஃபில்டர் பெட்டியின் வாய். அதற்கு நேர் மேலே கொட்டகைத் தகரத்தில் ஓட்டை. உறையும் அங்கேதான் கிழிந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாகப் பெட்டி நிறைந்து, கார்புரேட்டர் வழியாக இன்ஜினுக்குள் இறங்கிவிட்டது.

"அந்தத் தகரத்த மாத்துங்கன்னு மூணு தடவ சொன்னேன்" என்றாள் இவள். "எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கத இதானா?"

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். கோபம் அவள் மேல் இல்லை.

ஜூன் 14, சனி

எட்டாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'துருப்பிடித்து இறுகிவிட்டிருக்கும் என்று நினைத்தேன்.' யாருக்காக இதை எழுதினேன்? இந்த நோட்டை என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்?

நான் அப்படி நினைக்கவில்லை. உறையை எடுத்ததுமே ஏர் ஃபில்டர் பெட்டியைப் பார்த்தேன். விளிம்பு வரை தண்ணீர். அதில் ஒரு பூச்சி மிதந்தது. கிக்கர் இறங்காதபோது எனக்குத் தெரியும். உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்! பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவன் சத்தத்துக்காகக் காத்திருந்தான், நான் ராஜா மாதிரி நிக்குது என்று சொல்லிவிட்டிருந்தேன். ஒருவேளை கிளம்பிவிடாதா என்று — சீ. அந்த ஒருவேளைக்காகத்தான் தள்ளினேன்.

ஊருக்குத்தான் உபதேசம்.

ஜூன் 15, ஞாயிறு

மெக்கானிக் சொல்கிறார், புது ராடு கிடைக்கும், சனிக்கிழமைக்குள் பூட்டிக் கொடுத்துவிடலாம், ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது என்று. சரி, பூட்டுங்கள் என்றேன். தம்பி வருவது ஞாயிறு. அப்பாடா என்று இருந்தது. அரை நாள்தான் அப்படி இருந்தது.

அந்த இன்ஜினைப் பிரித்து மறுபடி கோத்தது அவனேதான். முதல் சம்பளத்தில் வாங்கிய ஓட்டை வண்டி. ஒரு வருஷம் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகச் சேர்த்தான். என் வேலை டார்ச் பிடிப்பது. "நேரா புடிண்ணா, என் மூஞ்சிக்கு எதுக்கு வெளிச்சம்?" என்று கத்துவான். கப்பலுக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்து மூடினான். "வேற யார்கிட்டயும் விட்டுட்டுப் போக மாட்டேன்ணா" என்றான்.

ஜூன் 18, புதன்

பட்டறை மூலையில் ஒரு ஸ்கூட்டர். வண்டி எண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நர்ஸம்மாவுடையது. நான் அதை அவர் வீட்டு வாசலில் நின்றபடிதான் பார்த்தேன், இன்ஜினைத் திறக்கச் சொல்லவில்லை. அவர் வாயாலேயே உதைத்தேன் என்று சொல்லிவிட்டாரே, திறப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

"அதத் திறந்து பாத்தீங்களா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"ம். ராடு நேராத்தான் இருக்கு. அந்தம்மா உதைச்சதுல ஒண்ணும் ஆகல, வெள்ளத்தண்ணி நின்னு துரு தின்னதுதான். ஆனா யாரோ ஒரு சர்வேயர் பெரிய மனுஷன், பாக்காமலே எழுதிட்டுப் போயிட்டாராம்."

"அது நான்தான்" என்றேன்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். நான் மேலும் சொன்னேன்: "என் வண்டியையும் நான்தான் தள்ளி ஸ்டார்ட் பண்ணேன். தண்ணி இருக்குன்னு தெரிஞ்சேதான்."

"அது தெரியும் சார்" என்றார். "ராடு தானா வளையாதே."

ஜூன் 19, வியாழன்

நர்ஸம்மா ஸ்கூட்டர் இன்ஜினின் படங்களோடு திருத்திய ரிப்போர்ட்டை மேலாளரிடம் கொடுத்தேன். முதல் ரிப்போர்ட் தவறு, நான் இன்ஜினைத் திறந்து பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். "இத்தன வருஷ சர்வீஸுக்கு இது தேவையா?" என்று கேட்டார். தேவை என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

பட்டறைக்குப் போன் செய்தேன். பூட்ட வேண்டாம், திறந்தபடியே இருக்கட்டும், வளைந்த ராடையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொன்னேன்.

"தம்பி பாக்கணுமா?"

"பாக்கணும்."

ஜூன் 22, ஞாயிறு

வந்தான். கறுத்து இளைத்திருக்கிறான். வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் நேராகப் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். ஆட்டோவில் அவன் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தான். வண்டிய சர்வீஸுக்கு விட்டிருக்கியாண்ணா என்று கேட்டான். நான் வெளியே பார்த்தேன்.

பட்டறை மேஜையில் அவனுடைய இன்ஜின் கூறு கூறாகக் கிடந்தது. ராடைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"தள்ளியா ஸ்டார்ட் பண்ண?"

"ஆமா."

"தண்ணி இருந்துச்சுன்னு தெரியாதா?"

"தெரியும்."

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஸ்டார்ட் பண்ணேன்னு சொன்னது?"

"எட்டு மாசமா இல்ல."

அதுவரை கோபம்தான் இருந்தது அவன் முகத்தில். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. பிறகு கேட்டான்: "அப்ப அந்த சவுண்டு?"

"எதிர் வீட்டு வண்டி."

ராடை மேஜையில் வைத்தான், சத்தமே வராமல். "தெனமும் அதக் கேட்டுட்டுதாண்ணா படுத்தேன்" என்றான். "கூட இருக்கிறவங்ககிட்டல்லாம் போட்டுக் காட்டுனேன். என் வண்டின்னு."

தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். மெக்கானிக் வேண்டுமென்றே வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜூன் 29, ஞாயிறு

காலையிலிருந்து ஏணியில் நின்று கொட்டகைத் தகரத்தை மாற்றினேன். அவன் கீழே வந்து பேப்பர் கட்டுகளை வெளியே எடுத்துப் போட்டான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டு நேரத்தில் இவளிடம் மட்டும், "அண்ணி, தண்ணி எடுங்க."

ஜூலை 13, ஞாயிறு

பட்டறையிலிருந்து இன்ஜினைக் கொண்டுவந்து அவனே பூட்டுகிறான். கொட்டகையில் பகலிலும் இருட்டு. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். அவன் நெற்றியில் கட்டுகிற விளக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

நர்ஸம்மாவின் கோப்பு திரும்பி வந்தது, ஏற்கப்பட்டது என்று. எனக்கும் ஒரு கடிதம், விளக்கம் கேட்டு. இரண்டும் நியாயம்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தம்பி மறுபடி கப்பலேறினான். நேற்றுச் சீட்டை மாட்டி, புது உறை போட்டு, ஏர் ஃபில்டர் வாயைப் பாலிதீனால் கட்டி, எல்லாம் தானே செய்தான். வாசலில் பையோடு நின்று சாவியை எடுத்தான். என் கை பாதி நீண்டுவிட்டது. அதற்குள் அவன், "அண்ணி, சாவி உங்ககிட்ட இருக்கட்டும். பாலிதீனக் கழட்டிட்டு ஞாயித்துக்கிழமல ஸ்டார்ட் பண்ணுங்க" என்று அவள் கையில் வைத்துவிட்டான்.

நீண்ட கையால் அவன் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பத்து மணிக்கு இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பாலிதீனைக் கழற்றினாள். நான் டார்ச் பிடித்தேன். மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, போனில் பதிவு செய்து தம்பிக்கு அனுப்பினாள். வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவள் குரலும் அதில் விழுந்திருக்கிறது: "டார்ச்ச நேரா புடிங்க, என் கண்ணுல அடிக்குது."

மதியம் அவளுக்குப் பதில் வந்தது. போனை என்னிடம் நீட்டினாள்.

"சவுண்டு நல்லாருக்கு அண்ணி. அண்ணன் எப்பவுமே டார்ச்ச மூஞ்சிக்குத்தான் அடிப்பாரு. திட்டித் திட்டிப் புடிக்க வைங்க."

இரண்டு தடவை படித்தேன்.