ஹேசல் வில்லும் உங்கள் வலது தோளும்

அக்கா,

இன்று காலை இங்கே சுவிஸில், ஃப்ரிபூர்க்கில் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் நகரசபை ஆட்கள் ஹேசல் என்னும் புதர்மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை மர வாசனை வந்தது. ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். நீங்கள் போன பிறகு இப்படித்தான், எதிர்பாராத இடங்களில் வந்துவிடுகிறீர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இங்குள்ள முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் இருவரும் வேலை செய்தோம். ஊரில் போரின்போது ஷெல் துண்டு பட்ட உங்கள் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. உயரத்து வேலையெல்லாம் என்னுடையது; நீங்கள் நின்று துணி மடிப்பீர்கள். அந்தக் கையோடுதான், இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாக் கூத்தில் அருச்சுனன் வேசம் கட்டப்போவதாகச் சொன்னீர்கள். மட்டக்களப்பில் உங்கள் அப்பா கூத்துப் பழக்கிய அண்ணாவியார். கேட்டுக் கேட்டே பாட்டெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். பெண் என்பதால் அவர் உங்களைக் கூத்து ஆடும் களரியில் ஏற விட்டதில்லை.

சங்கத்தில் யாரும் மறுக்கவில்லை. கைக்குப் பாரமில்லாமல் அட்டையில் ஒரு வில் செய்து தருவதாக மட்டும் சொன்னார்கள்.

"வளையாத வில்லோட நான் ஏற மாட்டன்," என்றீர்கள்.

காட்டைப் பராமரிப்பவரிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டு, கணுவில்லாத நேரான ஹேசல் தடிகள் இரண்டு வெட்டிவந்தோம். அவசரத்தில் ஒன்றைத் துணி உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்க, அது நீளத்துக்கு வெடித்துப் போயிற்று. மற்றதைக் குளிர்காலம் முழுக்க நிலவறையில் காயவிட்டோம். வெளிப்பக்கத்துப் பட்டையைத் தொடாமல், இழுப்பவரைப் பார்த்திருக்கும் பக்கத்தை மட்டும் கத்தியால் சீவினோம். ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு நான் தடியை வளைத்துப் பிடிப்பேன். இரு பக்கமும் ஒரேமாதிரி வளைகிறதா என்று நீங்கள் தள்ளி நின்று பார்ப்பீர்கள். இடப்பக்கம் இன்னும் விறைப்பு என்பீர்கள். மறுபடி சீவுவோம்.

நாண் கட்டியதும் இழுத்துப் பார்த்தீர்கள். கை பாதியில் நின்றுவிட்டது. வில்லை இன்னும் மெலிதாக்கலாம் என்றேன். வேண்டாம் என்றீர்கள். அதன்பிறகு மதிய இடைவேளைகளில், துணிக் கூடைகளுக்கு நடுவே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தீர்கள். உங்கள் முழங்கை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்ததை நான் சாப்பாட்டுப் பெட்டியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழாவன்று நான் திரைக் கயிற்றைப் பிடித்திருந்தேன். அப்பாவின் பாட்டைப் பாடி ஆடி வந்து வில்லைத் தூக்கினீர்கள். நாண் உங்கள் காதுவரை போயிற்று. உள்ளே வந்ததும், வலிக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம், நல்லா வலிக்குது," என்றீர்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அப்பா இருந்திருந்தா எழும்பிப் போயிருப்பாரோ, இருந்து பாத்திருப்பாரோ எண்டுதான் யோசிக்கன்."

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் கண்ணன் வேசத்துக்கு என்னைக் கேளாமலே என் பெயரைக் கொடுத்துவிட்டீர்கள். மேடை என்றாலே எனக்கு நடுக்கம் வருமே என்று அழாக்குறையாகச் சொன்னேன்.

"வரட்டும் புள்ள. நடுங்கி நடுங்கி ஏறு."

ஏறினேன். அன்றிலிருந்து எந்த வருடமும் விட்டதில்லை. இந்த வயதிலும் சலங்கை கட்டும்போது கால் நடுங்கத்தான் செய்கிறது அக்கா. அது நிற்கட்டும் என்று நான் காத்திருப்பதில்லை.