பட்டிப்பொலைக் கறுப்பு மண்

அப்போது மஸ்கெலியாவின் பழைய டவுன் அணைத் தண்ணீருக்குள் போய் நாலைந்து வருடம் இருக்கும், மச்சான். ஒரு பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற காலம். தோட்ட லயத்தில் பாதி வீடுகளில் மரவள்ளிதான் சோறு. அந்த வருடம்தான் நாம் மேல்மலைப் பட்டிப்பொலையிலிருந்து மண் சுமந்தோம்.

இன்று பேத்தி பூச்சட்டிக்கு அந்த ஊர் மண் கொண்டுவந்தாள். பையைப் பிரித்ததும் அதே ஈரவாசம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

பட்டிப்பொலையில் உன் தங்கச்சி வீட்டுத் தோட்டத்தில் லீக்ஸ் தண்டு மணிக்கட்டுப் பருமனில் நின்றது. மண் அடுப்புக்கரி மாதிரி. "இந்த மண்ணு நம்ம பக்கம் இருந்தா புள்ளைங்க பசியாறும்டா" என்றேன் நான். ரயிலில் நாலு சாக்கு ஏற்றினோம். உன் வீட்டுக்குப் பின்னால் படர்ந்திருந்த வத்தாளைக் கிழங்குக் கொடியைப் பிடுங்கச் சொன்னதும் நான்தான்.

"கெழங்கு இன்னும் வெரல் மொத்தங்கூட ஆகலண்ணே" என்று உன் மனைவி தடுத்தாள். நான் கேட்கவில்லை.

ஆனி மழை பத்து நாள் விடாமல் அடித்தது. லீக்ஸ் நாற்று அழுகியது. கறுப்பு மண்ணெல்லாம் கான் வாய்க்காலில் கரைந்தோட, அடியிலிருந்த நம் சிவப்பு மண் பல்லிளித்தது. உனக்குத்தான் முதலில் விளங்கியது.

"அங்க குளுருல எல தழ லேசுல மக்காது, மண்ணு கறுத்துக் கெடக்கு. இங்க சட்டுன்னு மக்கிருது, அந்தச் சத்த மழ கழுவிட்டுப் போயிருது. மண்ணக் கட்டிக்கிட்டு வந்தோம், அந்தக் குளுர எந்தச் சாக்குலடா கட்டுறது?"

அதற்குப் பிறகு இரண்டு மாதம் உன் பிள்ளைகள் கிழங்கும் இல்லாமல் தேத்தண்ணீரில் பசியாறினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒருத்தன் உன்னைக் கேட்டான்: "என்னா மாப்ள, மண்ணுக்கும் ரயில் டிக்கட் எடுத்தியா?" எல்லோரும் சிரித்தார்கள். 'மண்ணுமூட்டை' என்ற பேர் உன்னோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உன்னைப் புதைத்த அன்றும் அந்தப் பேர் என் காதில் விழுந்தது. அது என் யோசனை என்று அறிந்த உன் மனைவியும் போன தையில் போய்விட்டாள்.

சிரித்தவர்களில் இன்னும் ஒருத்தன் இருக்கிறான். கம்பை ஊன்றிக்கொண்டு இன்று மேட்டில் ஏறி அவனிடம் சொல்லிவிடுவேன். டிக்கட் எடுத்தியா என்று கேட்டவனேதான், கடைசி லயத்துச் சூசை.