சீதனப் பேச்சுக்கு நானும் சிரித்தேன்

ஜொகூர் பாரு, 12 ஆகஸ்ட் 1934, ஞாயிறு இரவு

மாலை கந்தையரும் சின்னத்தம்பியரும் வந்திருந்தார்கள். கல்லூரி முடித்த பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. கந்தையரின் மகன் நில அளவை இலாகாவில் சேர்ந்துவிட்டானாம். மற்றவரின் மகனுக்குத் துறைமுகத்தில் உத்தியோகமாம். பிறகு என்னைக் கேட்டார்கள். என் மகள் புவனம் சிங்கப்பூரில் படித்துத் தேறி, சிகாமட் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறாள் என்றேன். விடுமுறைக்கு வந்திருப்பவள் அப்போதுதான் காப்பி கொண்டுவந்தாள்.

“அது சரி மாஸ்டர், இந்தப் படிப்புக்கு ஏத்த மாப்பிள்ளை எடுக்கச் சீதனத்தை ரெண்டு மடங்காக்க வேணுமே” என்றார் கந்தையர், அவள் முன்னாலேயே.

சின்னத்தம்பியர் சிரித்தார். நானும் சிரித்தேன். கந்தையரின் மகன் இரண்டு தடவை பரீட்சையில் தவறியவன். அதையாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்தவரைக் கடியக்கூடாது என்று அடங்கினேனா, வெறும் பயமா, தெரியவில்லை. அந்த மனிதரை நினைக்க நினைக்க நெஞ்சு எரிகிறது. என்னை நினைத்தால் அதைவிட.

அவர்கள் போனபின், “உங்களுக்கும் அது பகிடியாத்தான் இருந்ததோ, அப்பா?” என்று கேட்டாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிட்டாள். என்னுடையது மட்டும் குடித்து வைத்தபடியே மேசையில் இருக்கிறது. நான்தான் கழுவ வேண்டும்.